எம்டனின் அடித்தளத்து மனிதர்கள்

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைத் தீக்கிரையாக்கிச் சென்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அந்த ஓர் இரவிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. அந்த இரவுக்கு முன்னும் பின்னும் அக்கப்பலில் வாழ்ந்த ஏறத்தாழ 360 பேர் எங்கே உறங்கினார்கள், எதை உண்டார்கள், எந்த வேலையில் தம் நாள்களைக் கழித்தார்கள் என்ற கேள்விகள் அதிகம் எழுப்பப்படவில்லை. அவற்றுக்கு விடை தேடினால் ஒரு கப்பலின் கதையோடு, நிலக்கரியால் இயங்கிய ஒரு காலத்துக் கடற்படைகளின் உள்கட்டமைப்பும், அதைத் தாங்கி நின்ற உழைப்பும் தெளிவாகும்.

டான்சிக் நகரின் அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 1908இல் வெள்ளோட்டம் விடப்பட்ட எம்டன், இலகு ரகக் குரூசர் என்ற வகையைச் சேர்ந்தது; பெரும் போர்க்கப்பல்களின் கனத்த கவசமும் பெரிய பீரங்கிகளும் இல்லாமல், வேகத்தையும் நெடுந்தொலைவு செல்லும் திறனையும் நம்பி, வேவு பார்க்கவும் வணிகக் கப்பல்களை வேட்டையாடவும் கட்டப்பட்ட கலங்களுக்கே அப்பெயர் வழங்கியது. அதன் நீளம் சுமார் 118 மீட்டர், அகலம் பதின்மூன்றரை மீட்டர். இந்தக் குறுகிய உடலுக்குள் 12 கொதிகலன்கள், இரண்டு நீராவி எந்திரங்கள், நிலக்கரிக் கிடங்குகள், வெடிமருந்து அறைகள் ஆகியவை பெரும்பங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ள, எஞ்சியதே மனிதர்களுக்குக் கிடைத்தது. தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் தனியறைகளும் தனி உணவுக்கூடமும் இருந்தன. சாதாரண மாலுமிகளுக்குத் தனியிடம் எதுவும் இல்லை. கித்தான் துணியாலான தொங்குபடுக்கைகளை இரவில் உத்தரக் கொக்கிகளில் கட்டி நெருக்கமாகப் படுத்துறங்கி, விடிந்ததும் அவற்றைச் சுருட்டிக் கட்டி உரிய பெட்டிகளில் அடுக்கிவிட்டு, அதே இடத்தில் மேசைகளையும் விசுப்பலகைகளையும் இறக்கி உணவருந்தினார்கள். ஒரு மேசையைச் சேர்ந்தவர்கள் ஒரு குடும்பம்போலக் கருதப்பட்டனர். அவர்களில் ஒருவர் முறைவைத்து அடுக்களைக்குச் சென்று அனைவருக்குமான உணவை வாங்கி வந்து பங்கிட்டு, பின்னர் பாத்திரங்களையும் கழுவி வைத்தார்.

நாளின் ஒழுங்கை வகுத்தது கப்பலின் மணி. அரை மணி நேரத்துக்கு ஓர் அடியாகக் கூடிக்கொண்டே போய், எட்டாவது அடி ஒலிக்கையில் நான்கு மணி நேர முறைப்பணி ஒன்று முடியும். முறைப்பணி என்பது கப்பலை இரவும் பகலும் இடைவிடாது இயக்குவதற்காக ஆள்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு ஓய்ந்திருக்கும்போது மற்றொரு குழுவை வேலையில் நிறுத்தும் ஏற்பாடாகும். அதிகாலையில் தளம் கழுவுதல், பித்தளைப் பொருள்களைத் துலக்குதல், பீரங்கிப் பயிற்சி, துணி துவைத்தல், கிழிந்ததைத் தைத்தல், ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பும் வழிபாடும் என அமைதிக் கால நாள்கள் ஒன்றையொன்று ஒத்தே கழிந்தன.

இந்த ஒழுங்கு முழுவதும் மேல்தளத்துக்குக் கீழே நடந்த ஒரு வேலையின்மீது நின்றது. 12 கடல் மைல் என்ற சிக்கன வேகத்தில் செல்லும்போதுகூட எம்டன் நாளொன்றுக்கு 60 டன்னுக்கும் மேற்பட்ட நிலக்கரியை எரித்தது. முழு வேகத்தில் செலவு பல மடங்காகப் பெருகியது. அந்த நிலக்கரியில் ஒவ்வொரு துண்டும் மனிதக் கைகளாலேயே உலைக்குள் சென்றது. கிடங்குகளின் இருட்டில், காற்றில் மிதக்கும் கரித்தூளுக்கு நடுவே நின்று நிலக்கரியை வாரி உலைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் ஒரு சாரார். அதைத் தணலின்மீது மெல்லிய அடுக்காகச் சமமாகப் பரவும்படி வீசித் தீயைக் காப்பவர்கள் மற்றொரு சாரார். கண்டபடி அள்ளிக் கொட்டினால் தீ மங்கிப் புகை கிளம்பும், நீராவி அழுத்தம் குறையும் என்பதால் கை வலிமையோடு கண் பழக்கமும் இதற்குத் தேவைப்பட்டது. உருகிக் கட்டியாகிப்போன கசடை நீண்ட இரும்புக் கோல்களால் உடைத்து இழுப்பதும், சாம்பலை வாளிகளில் மேலேற்றிக் கடலில் கொட்டுவதும் அவர்களுடைய வேலையே. இந்தியப் பெருங்கடலின் வெப்பத்தில் உலையறையின் வெம்மை 40 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டியது.

நிலக்கரி தீர்ந்தால் கப்பல் வெறும் இரும்புக் கூடு என்பதால், 1914 ஜூலை 31 அன்று சீனக் கரையிலிருந்த ஜெர்மானியத் தளமான சிங்டாவை விட்டு வெளியேறி, ஆகஸ்டில் தன் படையணியிலிருந்து பிரிந்து தனியே இந்தியப் பெருங்கடலுக்குத் திரும்பிய எம்டனின் பயணப் பாதையைப் போர்த்தந்திரத்தோடு கரித்தேவையும் சேர்ந்தே வகுத்தது. துணையாக வந்த மார்க்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலை ஒதுக்குப்புறமான தீவுகளின் அருகே பக்கவாட்டில் அணைத்துக் கட்டி, மூட்டை மூட்டையாகக் கரியை மாற்றினார்கள். கடல் அலையில் இரு கலங்களும் மோதிக்கொள்ள, மேலிருந்து கீழ்வரை அனைத்தும் கருந்தூளால் மூடப்பட, பீரங்கியாளர், எழுத்தர் என்ற வேறுபாடின்றி ஆள்கள் வியர்வையும் கரியும் கலந்த உடலோடு மணிக்கணக்கில் உழைத்தனர். கிடங்குகள் நிரம்பிய பிறகும் எஞ்சியதை மேல்தளத்திலேயே குவித்து வைத்ததால், நாள்தோறும் தேய்த்துத் தேய்த்து வெண்மையாக்கப்பட்ட அந்தத் தளம் கறுத்துச் சீர்குலைந்தது.

கரியின் தரமும் வாழ்வை மாற்றியது. செப்டம்பரில் பிடிபட்ட கிரேக்கக் கப்பலான பொந்தோபோரோஸில் சுமார் 6,500 டன் இந்திய நிலக்கரி கிடைத்தது. ஆனால் அது புகையும் சாம்பலும் மிகுந்த வகை. புகை கூடினால் பகைவர் கண்ணில் கப்பல் எளிதில் பட்டுவிடும்; சாம்பல் கூடினால் உலையறையில் உழைப்பு இரட்டிக்கும்; புகைக்கரி படிந்த கொதிகலன் குழாய்களை அடிக்கடி துப்புரவு செய்யவும் நேரும். செப்டம்பர் 27 அன்று 6,600 டன் உயர்தர வேல்ஸ் நிலக்கரியோடு பியூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பல் அகப்பட்டபோது, அந்த வெற்றியின் பயனை முதலில் உணர்ந்தவர்கள் உலைமுன் நின்றவர்களே.

நீண்ட தனிப்பயணம் கப்பலின் இல்லறத்தையும் மாற்றியது. முதன்மை அதிகாரியாக இருந்த ஹெல்முத் ஃபான் மூக்கே 1915இல் வெளியிட்ட நினைவுநூல் இதற்கு நல்ல சான்று. செப்டம்பர் 10 அன்று பிடிபட்ட இண்டஸ் கப்பலிலிருந்து ஏராளமான சோப்பு கிடைத்தது. கரித்தூளில் வாழ்ந்தவர்களுக்குச் சோப்பு எவ்வளவு பெரிய செல்வம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பிடிபட்ட கப்பல்களிலிருந்து வந்த கோழிகளும் பன்றிகளும் மேல்தளத்தில் திரிந்தன. கப்பலின் பூனை ஈன்ற குட்டிகளுக்குக் கைப்பற்றிய கப்பல்களின் பெயர்களையே சூட்டினார்கள். பிற்பகல்களில் வாத்தியக் குழு இசைத்தது. பிடிபட்ட கப்பல்களில் கிடைத்த செய்தித்தாள்கள் ஆவலோடு படிக்கப்பட்டன. இரவில் விளக்கொளி வெளியே தெரியாதபடி எல்லாத் திறப்புகளும் அடைக்கப்பட்டதால் கீழ்த்தளம் வெந்தது. எனவே பலர் மேல்தளத்தில், கரிக்குவியல்களுக்கும் பீரங்கிகளுக்கும் இடையே படுத்துறங்கினர்.

சென்னையை நெருங்கிய மாலையில் நடந்த ஒரு செயல் போருக்கும் அன்றாடத்துக்கும் இருந்த நெருக்கத்தைக் காட்டுகிறது. மோதலுக்கு முன் ஆள்கள் அனைவரும் நன்றாகக் குளித்துத் தூய உடை உடுத்த வேண்டும் என்பது அக்காலக் கடற்படை நடைமுறை. குண்டுச் சிதறல் உடலில் பாயும்போது அழுக்குத் துணியின் நூலும் சேர்ந்து உள்ளே போனால் புண் சீழ்பிடிக்கும் என்பதே காரணம். அந்த ஆணை அன்று எம்டனிலும் பிறப்பிக்கப்பட்டது. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் தண்ணீரும் சோப்பும் ஒரு கப்பலின் போர்த் தளவாடங்களாகவே விளங்கின. அன்றிரவு சுமார் 125 குண்டுகள் சென்னைமீது வீசப்பட்டு நகரில் சிலர் உயிரிழந்தனர். எம்டனில் எவருக்கும் காயமில்லை.

1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசர் எம்டனை எதிர்கொண்டது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை; அவற்றின் எறிதொலைவும் மிகுதி. எம்டனின் மூன்று புகைபோக்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தபோது உலைகளுக்கு வேண்டிய காற்றோட்டம் குன்றி, நீராவி அழுத்தம் தளர்ந்து, வேகம் சரிந்தது. வெளியே நடப்பது எதையும் காண இயலாத நிலையிலும் கீழே இருந்தவர்கள் உலைகளைக் காத்து நின்றதால்தான், தலைவர் கார்ல் ஃபான் முல்லரால் கப்பலை மூழ்கவிடாமல் வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்ற முடிந்தது. 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பகைவரும் மதித்த முல்லரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது; கரி வாரியவர்களுள் எவர் பெயரும் அவ்வாறு நிலைக்கவில்லை.

அதே கடற்படையின் பிற்கால வரலாறு இந்த மறதி எவ்வளவு பிழையானது என்பதை நிறுவுகிறது. ஜெர்மனியின் பெரும் போர்க்கப்பல்கள் தாய்த்துறைமுகங்களில் முடங்கிக் கிடந்தபோது, மாலுமிகளின் உணவு சிறுத்துக்கொண்டே போக அதிகாரிகளின் மேசை மட்டும் செழிப்பாக இருந்தது. விடுப்பும் மரியாதையும் மறுக்கப்பட்டன. 1917இல் எழுந்த எதிர்ப்புக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட இருவரில் ஒருவரான ஆல்பின் கோபிஸ் உலையறைத் தொழிலாளி. 1918 அக்டோபர் இறுதியில், தோல்வி உறுதியான பிறகும் கப்பற்படையைக் கடைசிப் போருக்கு அனுப்பத் தலைமை முனைந்தபோது, சில கப்பல்களின் உலையறைத் தொழிலாளர்கள் தீயை அணைத்தனர், கப்பல்கள் புறப்படவில்லை. அங்கே தொடங்கிய கிளர்ச்சி கீல் நகருக்கும் பின்னர் நாடெங்கும் பரவி, எம்டன் வீழ்ந்த அதே நவம்பர் 9ஆம் நாளில், நான்கு ஆண்டுகள் கழித்து, ஜெர்மானியப் பேரரசரின் முடியைப் பறித்தது.

எம்டனில் இன்னலும் கிடைத்த பொருளும் ஓரளவு எல்லோராலும் பகிர்ந்துகொள்ளப்பட்டன. வேலைக்கு ஒரு பொருள் இருந்தது. எனவே தீ அணையவில்லை. துறைமுகக் கப்பல்களில் அந்தப் பகிர்வு அற்றுப்போனதும் அதே தொழிலைச் செய்த கைகளே தீயை அணைத்தன. போர்க்கப்பலின் வலிமையைப் பீரங்கிகளின் எண்ணிக்கையாலும் தலைவரின் துணிவாலும் மட்டும் அளக்கும் வரலாறு இந்த உண்மையைத் தவறவிடுகிறது. நிலக்கரிக் காலத்தில் எந்தக் கப்பலும் அடித்தளத்து மனிதர்களின் இசைவின்றி ஓர் அடிகூட நகர்ந்ததில்லை.