ஆறு மணி நேரக் கூலி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள மரியன் நகரிலே, வீட்டுப் பாவனைக்குரிய இயந்திரங்களைச் செய்யும் வேர்ல்பூல் கம்பனிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. அதன் தளத்திலிருந்து ஏறத்தாழ 20 அடி உயரத்தில் ஒரு கம்பிவலை கட்டப்பட்டிருந்தது. மேலே நகர்ந்துகொண்டிருக்கும் இயந்திர உறுப்புகள் தவறிக் கீழே நிற்போர் தலையில் விழாது தடுப்பதே அதன் பயன். வலையில் விழுந்தவற்றை அதன்மீது ஏறிநின்று பொறுக்கி எடுப்பது பராமரிப்புத் தொழிலாளரின் கடமைகளில் ஒன்று. 1974 ஆம் ஆண்டு யூன் 28 ஆந் திகதி அவர்களில் ஒருவர் அவ்வலையூடாக விழுந்து மாண்டார். பன்னிரண்டு நாள்களின் பின், யூலை 10 ஆந் திகதி இரவு, அதே வேலைக்குப் பணிக்கப்பட்ட இருவர் அதனைச் செய்ய மறுத்தனர். எஞ்சியிருந்த ஆறு மணி நேரத்துக்குக் கூலியின்றி அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். எழுத்துமூலக் கண்டனமும் கிடைத்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உயிராபத்தோ பெருங்காயமோ நேருமென நியாயமாக அஞ்சும் தொழிலாளி, வேறு வழியில்லாதவிடத்து வேலையை மறுக்கலாம். அதற்காக அவனைத் தண்டித்தலாகாது என்னும் அரசாங்க விதி செல்லுபடியாகும் என 1980 பெப்புருவரியில் நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். நல்ல தீர்ப்புத்தான். ஆயினும் அதே தீர்ப்பிலே, வேலையை மறுத்தவனுக்குக் கூலி கொடுக்குமாறு அவ்விதி முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை என்றும் கூறப்பட்டது. உயிரைக் காக்கும் உரிமை உண்டு. அந்நாளின் உணவுக்கு உரிமையில்லை.

இக்குறை தற்செயலாக நேர்ந்ததன்று. 1970 இல் தொழிற் பாதுகாப்புச் சட்டம் ஆராயப்பட்டபோது, நச்சுப் பொருள்களின் நடுவே வேலை செய்வோர் சம்பளம் இழக்காமல் விலகி நிற்பதற்கு இடமளிக்கும் பிரிவொன்று மசோதா ஒன்றில் இருந்தது. எதிர்த்தவர்கள் அதற்குச் ‘சம்பளத்தோடு வேலைநிறுத்தம்’ என்று பெயர் சூட்டினார்கள். நிறைவேறிய சட்டத்தில் அப்பிரிவு இல்லை.

கூலி இல்லையெனில் வேலையிழப்புக் காப்புறுதி இல்லையா என வாசகர் கேட்கலாம். பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1935 இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால் அது பரவலாக ஏற்பட்டது. நடத்தும் பொறுப்பு மாநிலங்களுக்குரியது. வேலைநிறுத்தம் காரணமாக வெறுமையான இடத்தை ஏற்க மறுப்பவனின் உதவிப் பணத்தை நிறுத்தக்கூடாது என்ற கூற்றையும் அச்சட்டத்தில் எழுதினர். அக்காலத் தொழிலாளர் போராட்டங்களின் வலிமையை அவ்வரியிற் காணலாம். எனினும் தகுந்த காரணமின்றித் ‘தன்விருப்பாக விலகியவர்’ உதவிக்கு உரியரல்லர் என்பது பொதுவிதி. தகுந்த காரணம் எதுவெனத் தீர்மானிப்பவர் மாநில அதிகாரிகள். தமிழ் படித்தவன் என்ற முறையில் என் மனம் இச்சொல்லிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு வழிகள் திறந்திருப்பவனுக்கல்லவா விருப்பம் என்பது பொருந்தும்?

2020 இல் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது இச்சொல் இலட்சக்கணக்கானோரின் சமையலறைக்குள் நுழைந்தது. மார்ச் மாதம் அமெரிக்கக் காங்கிரசு இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. முதலாவது, நோயுற்றோருக்கு இரண்டு கிழமைவரை சம்பளத்துடன் விடுமுறை தந்தது. ஆயின் 500 பேருக்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருந்த கம்பனிகளை அது கட்டுப்படுத்தவில்லை. இரண்டாவது, வேலையிழந்தோருக்கு வழக்கமான உதவியோடு கிழமைக்கு 600 டொலர் மேலதிகமாக யூலை முடியும்வரை தந்தது. காப்புறுதிக்கு வெளியே நின்றோருக்கும் ஒரு தனித் திட்டம் வகுத்தது. பெருங்கொடை என்றே சொல்லவேண்டும். ஆனால் தொற்று வருமென்ற பொதுவான அச்சத்தால் வேலைக்குப் போகாதவர் இத்தனித் திட்டத்துக்கு உரியரல்லர் எனத் தொழிற்றிணைக்களம் அறிவித்தது. திரும்ப அழைக்கப்பட்டு வர மறுப்பவர் தன்விருப்பாக விலகியவராகக் கொள்ளப்படுவார் என அயோவா மாநில ஆளுநர் எச்சரித்தார்.

அயோவாவும் அதன் அயல் மாநிலங்களும் இறைச்சித் தொழிற்சாலைகள் மலிந்த பூமி. அயலிலே, தென் டக்கோட்டாவின் சூபோல்ஸ் நகரில், ஸ்மித்பீல்ட் கம்பனியின் பன்றியிறைச்சித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 3,700 பேர் தோளோடு தோள் நின்று வேலை செய்தனர். அங்கு 40 அளவிலான மொழிகள் பேசப்பட்டன என அரசாங்க மருத்துவர்கள் கண்டனர். எதியோப்பியரும் நேபாளியரும் இலத்தீன் அமெரிக்கரும் அவர்களுட் பலர். ஏப்பிரில் மாத வேலைமுறைகளைத் தவறாது செய்வோருக்கு 500 டொலர் ‘பொறுப்புணர்வுக் கொடை’ என்று கம்பனி அறிவித்தது. நோய் பரவும் காலத்திலே, வீட்டில் நிற்பதற்கன்று, வேலைக்கு வருவதற்கே பணம்! ஏப்பிரில் நடுவில் தொழிற்சாலை மூடப்பட்டது. அம்மாதம் 28 ஆந் திகதி, கொரிய யுத்த காலத்தில், 1950 இல் ஆக்கப்பட்ட பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைத் துணைக்கொண்டு, இறைச்சித் தொழிற்சாலைகள் தொடர்ந்து இயங்கவேண்டுமென்ற கட்டளையில் ஜனாதிபதி டிரம்ப் கையொப்பமிட்டார். அவ்வசந்த காலத்தில் அந்த ஒரு தொழிற்சாலையிலேயே 1,294 பேர் நோயுற்றனர், நால்வர் இறந்தனர். செப்டெம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் 13,494 டொலர். சட்டம் அனுமதித்த உச்ச அளவு அவ்வளவே. ஒரு தொழிலாளிக்குக் கிழமைக்கு 600 டொலர் வீதம் கொடுத்திருந்தால் இருபத்திரண்டு கிழமைகளுக்குச் சற்றே மேலாக அத்தொகை போதியிருக்கும். நாட்டின் மிகப்பெரிய ஐந்து இறைச்சிக் கம்பனிகளில் நோயின் முதலாண்டில் குறைந்தது 59,000 தொழிலாளர் தொற்றுக்குள்ளாகி 269 பேர் மாண்டனர் எனக் காங்கிரசின் உபகுழு 2021 ஒக்டோபரில் அறிவித்தது.

வேலைக்கு வராதோருக்குப் பணம் கொடுத்தால் வேலைக்கு யார் வருவர் என்பது அந்நாட்களில் ஓயாது கேட்ட குரல். தாழ்ந்த சம்பளம் பெற்ற பலருக்கு உதவிப் பணம் கூலியை விஞ்சியது உண்மையே. அதிலிருந்து உதவி மிகையென்று சிலர் முடிவு செய்தனர். கூலி எவ்வளவு குறைவென்று அவர்கள் கேட்கவில்லை.

2021 சனவரி 22 ஆந் திகதி, புதிய ஜனாதிபதி பைடன் இவ்விதியைத் தெளிவுபடுத்துமாறு தொழிற்றிணைக்களத்தைப் பணித்தார். பெப்புருவரி 25 ஆந் திகதி விதி மாறிற்று. நோய்த்தடுப்பு ஒழுங்குகளைக் கைக்கொள்ளாத வேலைத்தலத்தை மறுத்தமையால் உதவி நிறுத்தப்பட்டோர், அத்தனித் திட்டத்தின்கீழ் உதவி கோரலாம். முன்னரே விண்ணப்பித்திருந்தோர் பழைய கிழமைகளுக்கும் பெறலாம். மரியன் தொழிலாளர் இருவருக்கும் அன்றிரவு கிடைக்காத ஒன்று, அச்சத்துக்கு ஈடான பணம், இவ்வாறு அரசாங்கச் சுற்றறிக்கையில் ஏறியது. செய்துகொண்டிருந்த வேலையைத் தாமாக விட்டவர்களுக்கு அது எட்டவில்லை.

கோடை வந்ததும், ஆள் கிடைக்கவில்லையென்ற முதலாளிகளின் முறைப்பாட்டைக் காட்டி, இருபதளவு மாநிலங்கள் அத்திட்டத்தைத் தவணைக்கு முன்னரே கைவிட்டன. ஏனையவற்றில் அது செப்டெம்பர் 6 ஆந் திகதி முடிவடைந்தது. அமெரிக்காவில் அன்று தொழிலாளர் தின விடுமுறை.