விவசாயிகள் வேண்டாமென்ற விவசாய இதழ்

1942 மே மாதம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எம்மாஸ் என்ற சிற்றூரிலிருந்து 'ஆர்கானிக் ஃபார்மிங் அண்ட் கார்டனிங்' என்ற இதழ் வெளிவந்தது. அதை ஆரம்பித்த ஜெரோம் இர்விங் ரொடேல் ஏர் பிடித்த குடும்பத்தில் பிறந்தவரல்ல. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் 1898இல் பிறந்த யூதர், மளிகைக்கடைக்காரர் மகன், இயற்பெயர் ஜெரோம் கோஹன். வருமான வரித்துறையில் கணக்குத் தணிக்கை செய்தார். பிறகு சகோதரர் ஜோசப்புடன் சேர்ந்து மின்சாதனங்கள் தயாரிக்கும் தொழிற்சாலை தொடங்கினார். 1930இல் தொழிற்சாலை எம்மாஸுக்கு இடம் மாறியது. அதில் வந்த வருமானத்தில்தான் அவர் பத்திரிகை ஆசையை வளர்த்தார். நகைச்சுவை, ஆரோக்கியம், பொதுத் தகவல் என்று பலவிதமான இதழ்களை நடத்திப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை.

இந்த இதழின் கரு உருவான இடம் நம் நாட்டு இந்தூர். ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1905இல் பீகாரின் பூசாவுக்கு வேலைக்கு வந்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் தாவரத் தொழில் ஆய்வு நிலையத்தை நடத்தினார். இந்திய உழவர்களையே தன் ஆசிரியர்களாகக் கருதினார். செத்தை, தழை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, ஈரமும் காற்றும் குறையாமல் பார்த்து, இடையிடையே புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் மக்கிய எரு கிடைக்கும். உலகம் இதை இந்தூர் முறை என்று அறிந்தது. நம் ஊர் எருக்குழியின் அறிவு, அளவும் கணக்கும் சேர்ந்த செய்முறையாகக் கப்பலேறியது.

ஹோவர்டின் எழுத்தைப் படித்த ரொடேல் அசந்துபோனார். மண் நலமாக இருந்தால் பயிர் நலமாக இருக்கும், அதை உண்ணும் உடம்பும் நலமாக இருக்கும் என்ற ஒரே சங்கிலி அவரைப் பிடித்துக்கொண்டது. எம்மாஸ் அருகே ஒரு பண்ணையை வாங்கினார், எருக்குவியல் போட்டார். புதிய இதழில் ஹோவர்டின் பெயர் இணை ஆசிரியராக இடம்பெற்றது.

முதல் இதழின் ஆயிரக்கணக்கான பிரதிகளை விவசாயிகளுக்கு இலவசமாகவே அனுப்பிவைத்தார். திரும்பி வந்த சந்தாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ரசாயன உர மூட்டை மலிவாகக் கிடைத்தது, ஆள் கூலி குறைந்தது, அரசு வேளாண் நிபுணர்களும் அதையே சொன்னார்கள். நூற்றுக்கணக்கான ஏக்கரில் மக்காச்சோளம் போடுபவரிடம் செத்தையைக் குவித்துப் புரட்டச் சொன்னால் எப்படிக் கேட்பார்?

இதழைக் காப்பாற்றியவர்கள் வீட்டுத் தோட்டக்காரர்கள். போர்க்காலம் அது. கொல்லையில் காய்கறி போடுங்கள் என்று அரசே மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. கொல்லைப்புறமும் மண்வெட்டியும் சமையலறைக் கழிவும் உள்ள குடும்பங்களுக்கு இந்த இதழ் கைகொடுத்தது. தலைப்பிலிருந்து விவசாயம் விலகியது, 'ஆர்கானிக் கார்டனிங்' என்ற பெயர் வந்தது. தக்காளியில் பூச்சி, களிமண்ணில் கேரட், இலைச்சருகை என்ன செய்வது என்பதுபோல வாசகர்கள் எழுதினார்கள், தாங்கள் செய்து பார்த்ததைச் சொன்னார்கள். பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்காத காலத்தில், கொல்லைப்புறங்களே ஆய்வுக்கூடங்களாக இருந்தன. ரொடேலின் பெரிய சாதனை இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவர் எழுதிய எந்தப் புத்தகத்தையும்விட, ஒருவர் மண்ணில் கண்டதை இன்னொருவர் தெரிந்துகொள்ள அவர் அமைத்த இந்தத் தடம் பெரியது.

1950இல் 'பிரிவென்ஷன்' என்ற ஆரோக்கிய இதழையும் தொடங்கினார். வருமானம் பெருகியது, சர்ச்சையும் பெருகியது. உணவும் சத்து மாத்திரைகளும் நோயை விலக்கும் என்று அவர் எழுதியவற்றில் பல, ஆதாரத்தைத் தாண்டிப் பாய்ந்தவை. அவருடைய ஆரோக்கியப் புத்தகம் ஒன்றின் விளம்பரம் மிகைக் கூற்று என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1964இல் நடவடிக்கை எடுத்தது. கருத்தைச் சொல்வது பேச்சுரிமை என்று ரொடேல் எதிர்த்து நின்றார், வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. மண்ணைப் பற்றி எழுதியபோது இருந்த பொறுமை உடம்பைப் பற்றி எழுதியபோது அவரிடம் இல்லை. ஆனால் ஆலோசனை எழுதிய கை ஒன்றுதான் என்பதால், எருக்குவியலையும் சேர்த்தே பலர் கிறுக்கு என்று ஒதுக்கினார்கள். அந்த இழப்பு பெரிது.

1962இல் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' பூச்சிக்கொல்லிகளின் கேட்டை வெளியே கொண்டுவந்தது. அறுபதுகளின் இறுதியில் இளைஞர்கள் நிலத்தை நோக்கித் திரும்பியபோது, அவர்களுக்குக் கையேடு ஏற்கெனவே தயாராக இருந்தது. 1971 ஜூனில் நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழ் ரொடேலை அட்டைப்படமாகப் போட்டது. அடுத்த ஓரிரு நாளில், டிக் கேவெட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பதிவில், தன் நேர்காணல் முடிந்து மேடையில் அமர்ந்திருந்தபோதே மாரடைப்பில் இறந்தார். வயது 72. நிகழ்ச்சி ஒளிபரப்பாகவில்லை. நூறு வயது வாழ்வேன் என்று சொல்லிவந்தவர் என்பதால் அந்த மரணத்தை வைத்து இன்றும் சிரிக்கிறார்கள். ஒரு மனிதரின் இதயம் நின்றதை வைத்து மண்ணைப் பற்றிய ஒரு கருத்தை எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மகன் ராபர்ட் அதை எடைபோடும் சரியான வழியைக் கண்டார். குட்ஸ்டவுன் அருகே 333 ஏக்கர் பண்ணையில், 1981இல் மக்காச்சோளமும் சோயாவும் இயற்கை முறையிலும் ரசாயன முறையிலும் பக்கத்துப் பக்கத்தில் வளரும் நீண்டகால ஒப்பீட்டுச் சோதனை தொடங்கியது. தந்தையை ஒதுக்கிய விவசாயிகளுக்காக 'நியூ ஃபார்ம்' இதழையும் ராபர்ட் நடத்தினார். விவசாய இதழ் ஒன்றை ரஷ்ய மொழியில் கொண்டுவரும் வேலையாக மாஸ்கோ போனபோது, 1990 செப்டம்பரில் சாலை விபத்தில் இறந்தார்.

தோட்ட இதழ் 2015இல் பெயரும் உருவமும் மாறி வாழ்க்கைமுறை இதழானது. அச்சு நின்றது, 2018இல் நிறுவனமே ஹெர்ஸ்ட் கைக்குப் போனது. குட்ஸ்டவுன் சோதனை மட்டும் தொடர்கிறது. எம்மாஸ் அச்சகத்தின் இன்னொரு கிளை நம் பக்கம் நீண்டது. ஜப்பானிய உழவர் மசானபு புகோகாவின் நூலை 1978இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது ரொடேல் பதிப்பகம். அதுவே 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்று தமிழுக்கு வந்தது. ரசாயனத்தை விட்டு வெளியேற நினைத்த எத்தனையோ தமிழ் உழவர்கள் முதலில் கையிலெடுத்த புத்தகங்களில் அதுவும் ஒன்று.