கேகாலைக் கற்திட்டை வந்த வழி

கேகாலை மாவட்டத்தில் ரம்புக்கனைப் பக்கம், பதவிகம்பொலவில் ஒரு கற்திட்டை நிற்கிறது. மூன்று பக்கமும் நிறுத்திய பலகைக் கற்கள், மேலே பெரிய மூடுகல், ஒரு பக்கம் வெறும் திறப்பு. பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் கல்லை இப்படி அடுக்கும் வழக்கம் நெடுந்தூரம் நடந்த வழக்கம்.

புதுக்கோட்டைச் சீமையில் சித்தன்னவாசலைச் சுற்றிக் கற்பதுக்கைகள் கிடக்கின்றன. கிருஷ்ணகிரி மல்லச்சந்திரத்தில் குன்றின்மேல் கற்திட்டைகள். கடல் தாண்டினால் புத்தளம் பக்கம் பொம்பரிப்பில், ஆதிச்சநல்லூரை நினைவூட்டும் ஈமத்தாழிகள். இன்னும் உள்ளே, தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவில், நான்கு பலகைக் கற்களை நிறுத்தி ஐந்தாவதால் மூடிய கல்லறைகள், கி.மு. 700 முதல் 450 வரையிலானவை. அவற்றுள் சாம்பலோடும் பானைகளோடும் சிவந்த சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்த மணிக்கல் இந்தியாவிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்ததை இறந்தவரோடு வைத்திருக்கிறார்கள். அந்த அன்பை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

கல்லில் செதுக்கல்களையும் காண வேண்டுமானால் கேகாலை மாவட்டத்தின் டொரவக குகைக்குப் போகவேண்டும். பாறையில் கீறிய குறிகள் அங்கே உண்டு. வழக்கம் மட்டுமல்ல, செதுக்கிய கல்லே ஊர்விட்டு ஊர் போனதும் உலகில் உண்டு. பிரான்சின் கவ்ரினி தீவுக் கல்லறையின் மூடுகல்லில் ஒரு மாட்டின் உருவம் பாதியில் அறுந்து நிற்கிறது. மீதி, கடலுக்கு அப்பால் லோக்மரியாக்கேர் கல்லறையின் மூடுகல்லில் இருப்பதை 1980களில்தான் கண்டுகொண்டார்கள். ஒரே நெடுங்கல்லை உடைத்து இரண்டு கல்லறைகளுக்கும் கூரையாக்கியிருக்கிறார்கள்.

பதவிகம்பொலவைச் சுற்றியுள்ள மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களும், பின்னர் தேயிலையும் ரப்பரும் வந்தன. திருச்சி, மதுரை, புதுக்கோட்டைக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து வந்த நம் முன்னோர் லயங்களில் குடியேறிப் பால் வெட்டினார்கள். ஊரில் ஆடு மேய்த்த பொட்டலில் அவர்கள் பார்த்த அதே வகைக் கல்வீடு, வந்த இடத்திலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழகிப்போன வழக்கம். கேகாலை அடங்கிய சப்ரகமுவ மாகாணத்துத் தமிழரை நேற்று வந்தவர் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பதவிகம்பொல மூடுகல்தான் நினைவுக்கு வருகிறது. இரு கரைக்கும் போக்குவரத்து அவ்வளவு பழையது.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த சுற்றுலாவில் கண்டிக்குப் போகும் பஸ்ஸை ஒரு மணி நேரம் பதவிகம்பொலவில் நிறுத்துங்கள்.