செயற்கை மரப்பலகைகள்

மரத்தை ஏடாகச் சீவியோ, குச்சியாக அறுத்தோ, துகளாக நொறுக்கியோ, நாராகப் பிரித்தோ, பெரும்பாலும் பசை சேர்த்துச் சூட்டில் அழுத்தி மறுபடி பலகையாக்கியவை செயற்கை மரப்பலகைகள். கடைகளில் பிளைவுட், பிளாக் போர்டு, பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப், ஹார்டுபோர்டு என்று விற்பவை எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பருத்த மரம் அரிதாக அரிதாக, பலகைக்குள் போகும் மரத்துண்டு சிறுத்துக்கொண்டே வந்தது. அந்த அளவுக்குப் பசையின் பொறுப்பு கூடியது. மரத்தின் பெயரைச் சொல்லி விற்றாலும், இந்தப் பலகைகளின் வரலாறு பாதிக்கு மேல் பசையின் வரலாறுதான்.

அறுத்த பலகையில் இருக்கும் கோளாறு தச்சர்களுக்குப் பழகியது. மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகும். கோடையில் சந்து விடும். இந்த ஊதலும் சுருங்கலும் பலகையின் அகலவாக்கில்தான் நடக்கின்றன. நார் ஓடும் நீளவாக்கில் மிகக் குறைவு. ஆகவே ஓர் ஏட்டின் மேல் அடுத்த ஏட்டைக் குறுக்காக வைத்து ஒட்டினால் ஒன்றின் அசைவை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். நடு ஏட்டுக்கு இருபுறமும் சமமாக இருந்தால்தான் பலகை முறுக்காது என்பதால் அடுக்குகள் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் வருகின்றன.

குறுக்கடுக்கு உத்தி மிகப் பழையது. எகிப்தில் சக்காராவின் படிக்கட்டுப் பிரமிடுக்கு அடியில் கிடைத்த ஒரு சவப்பெட்டி, சுமார் 4 மி.மீ. தடிப்புள்ள ஆறு மர ஏடுகளை மாற்றி மாற்றி அடுக்கி மர ஆணியால் இணைத்துச் செய்யப்பட்டது. வயது ஏறக்குறைய 4,600 ஆண்டுகள். நல்ல மரம் விளையாத நாடு, இருந்ததை மெல்லியதாக்கிப் பயன்படுத்தியது. ஆனால் அது கைவேலை. பிரிட்டனில் சாமுவேல் பெந்தம் 1797இல் வெனீர் எனப்படும் மர ஏடு தொடர்பான இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். தொழில் சூடுபிடித்தது 19ஆம் நூற்றாண்டில், கட்டையைக் கடைசலில் சுழற்றி உரிக்கும் முறை பரவியபோதுதான். வெந்நீரில் ஊறி இளகிய கட்டை சுழல, முழுநீளக் கத்தி அதன்மேல் பதிய, சுருட்டிய பாயைப் பிரித்ததுபோல் வெனீர் வந்துகொண்டே இருக்கும். கடைசியில் நடுத்தண்டு மட்டும் மிஞ்சும்.

எஸ்தோனியாவின் தாலின் நகரில் லூத்தர் குடும்பத்தின் ஆலை முதலில் நாற்காலி இருக்கைகளுக்காக ஒட்டுப்பலகை (பிளைவுட்) செய்தது. பிறகு தேயிலைப் பெட்டிகளுக்கு வந்தது. இலேசான, மணம் ஏறாத, கப்பலில் அடுக்கத் தோதான பெட்டியைத் தேயிலை வணிகம் தேடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 1905இல் போர்ட்லண்ட் பொருட்காட்சியில் டக்ளஸ் ஃபர் மரத்தாலான ஒட்டுப்பலகை காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்நாட்டின் பெரிய தொழிலுக்கு அதுவே தொடக்கம்.

அக்காலப் பசைகள் பால் கேசீன், சோயா மாவு, கசாப்புக் கடை இரத்தம் என்று சமையலறைக்குப் பக்கத்தில் நின்றவை. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், ஏடு பிரியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மாஸ்கிட்டோ விமானம் பிர்ச் ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் சேர்த்துச் செய்யப்பட்டது. முதலில் வந்தவற்றில் கேசீன் பசையே. 1944இல் இந்தியாவில் அந்த விமானங்களின் இறக்கைகளில் ஒட்டு விட்டு விபத்து நேர, அவை பறப்பது நிறுத்திவைக்கப்பட்டது. குற்றம் வெப்பமண்டல ஈரத்தினுடையதா, தொழிற்சாலையினுடையதா என்று வாதம் நடந்தது. எப்படியானாலும் செயற்கைப் பிசின்களின் காலம் அதற்குள் வந்துவிட்டது. யூரியா ஃபார்மால்டிஹைடு மலிவு, நிறமற்றது, ஆனால் நீருக்குத் தாங்காது. ஃபீனால் ஃபார்மால்டிஹைடு விலை கூடியது, கருஞ்சிவப்பு, கொதிநீரையும் தாங்கும். எம்.ஆர். (ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரை எதிர்ப்பது), பி.டபிள்யூ.பி. (கொதிநீர் புகாதது) என்று பலகையில் குத்தும் முத்திரைகளின் அடிப்படை இந்தப் பசை வேறுபாடே.

இந்தியத் தர நிர்ணயத்தில் பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கு ஐ.எஸ். 303, மரைன் பலகைக்கு ஐ.எஸ். 710. மரைன் பலகையின் துண்டை 72 மணி நேரம் வேகவைத்து, பிறகு ஒட்டில் கத்தியை நுழைத்து நெம்பிப் பார்ப்பார்கள். ஒட்டு வழியாகச் சுத்தமாகப் பிரிந்தால் தோல்வி. மர நாரைப் பிய்த்துக்கொண்டு வந்தால் தேர்ச்சி. கடையில் இதைச் செய்ய முடியாது. அனுபவப்பட்ட ஆசாரி விரல் முட்டியால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். உள் ஏடுகளுக்கிடையே இடைவெளி இருக்கும் இடத்தில் ஓசை மாறும்.

பிளாக் போர்டில் நடுவே மரச் சட்டங்கள், இருபுறமும் வெனீர். உயர அலமாரிக் கதவுக்கும் நீளத் தட்டுக்கும் தச்சர்கள் இதைத்தான் கேட்பார்கள். வளையாது, எடையும் குறைவு. உட்கதவுகளாக வரும் பிளஷ் டோரும் இந்த வழிதான்.

துண்டு மேலும் சிறுத்த கதை அறுவை ஆலைக் கழிவில் தொடங்குகிறது. மிசிசிப்பியின் லாரல் நகரில் வில்லியம் மேசன் 1924இல் மரச் சில்லுகளை அதிக அழுத்த நீராவியில் வைத்துத் திடீரென வெடித்து வெளியேற்றி நாராக்கினார். அழுத்தியில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பியபோது, மூடாத வால்வு வழியே சூடேறி நார் கெட்டிப் பலகையாகியிருந்தது என்பது அந்தத் தொழிலில் வழங்கும் கதை. இந்த ஹார்டுபோர்டில் தனிப் பசை தேவைப்படவில்லை. மரத்துக்குள் இருக்கும் லிக்னினே உருகிப் பிடித்துக்கொள்கிறது. நம் பிள்ளைகளின் பரீட்சை அட்டை, படச்சட்டத்தின் முதுகு ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம்.

ஜெர்மனியில் மாக்ஸ் ஹிம்மெல்ஹேபர், வெட்டிய மரத்தில் பெரும்பகுதி பலகையாகாமல் வீணாவதைக் கண்டு துகள் பலகையை உருவாக்கினார். 1941இல் பிரேமனில் ஆலை உற்பத்தி தொடங்கியது. போரில் இடிந்த ஐரோப்பாவுக்கு மலிவான பலகை தேவைப்பட்டது. பின்னாளில் ஐகியாவின் பில்லி புத்தக அலமாரி (1979) போன்றவை உலகெங்கும் பரவியதும் இந்தப் பலகையால்தான். குறையும் எல்லோரும் அறிந்ததே: ஒருமுறை கழற்றிய திருகாணி இரண்டாம் முறை பிடிக்காது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைத்தால் ஓரம் பொங்கிவிடும். அந்த இடத்துக்கு இதைப் பரிந்துரைப்பவரை நம்ப வேண்டியதில்லை.

நாரையும் பிசினையும் உலர்நிலையில் சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப். 1960களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் டெபாசிட் என்ற ஊரில் வணிக உற்பத்திக்கு வந்தது. ரேகையே இல்லாததால் எந்தத் திசையிலும் பிசிறின்றிக் குடையலாம். பூசையறைக் கதவின் சாளர வேலைப்பாட்டை இயந்திரம் இதில்தான் வெட்டுகிறது. அறுக்கும்போது எழும் நுண்தூசி முகக்கவசம் இல்லாமல் சுவாசிக்கத் தக்கதல்ல. பசையிலிருந்து மெல்லக் கசியும் ஃபார்மால்டிஹைடை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என வகைப்படுத்தியது. இ1, இ0 முத்திரைகள் இந்தக் கசிவின் அளவைக் குறிப்பவை. நீளச் செதில்களை அடுக்கிய ஓ.எஸ்.பி. வட அமெரிக்க வீடுகளின் சுவரையும் கூரையையும் பிடித்துவிட்டது. நம் ஊரில் அதற்கு வேலை குறைவு. இங்கே கட்டுமானத்தில் ஓடுவது கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் பிளை.

இந்தியாவிலும் இந்தத் தொழில் தேயிலையோடுதான் வந்தது. மேல் அசாமின் ஹொல்லாங் மரங்கள் தேயிலைப் பெட்டிகளாயின. தெற்கே கண்ணூர் அருகே வளபட்டணத்தில் 1945இல் வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் தொடங்கியது. இலங்கையில் 1970களில் கொஸ்கம பிளைவுட் ஆலைக்காக சிங்கராஜக் காட்டில் மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து 1977இல் அது நின்றது. அந்தக் காடு 1988இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

இந்தியத் தொழிலின் திசையைத் திருப்பிய வழக்கு தமிழ்நாட்டுக் காட்டைப் பற்றியது. நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தின் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. அனுமதியின்றிக் காட்டுக்குள் நடக்கும் வேலை அனைத்தையும் நிறுத்தியது. அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களிலும், அம்மாநில எல்லையிலிருந்து 100 கி.மீ.க்குள் அசாமிலும் இருந்த அறுவை, வெனீர், பிளைவுட் ஆலைகளை மூடச் சொன்னது.

அதன்பின் காட்டு மரத்தை விட்டுத் தோட்ட மரத்துக்குத் தொழில் நகர்ந்தது. ஹரியாணாவின் யமுனாநகரில் விவசாயிகளின் வயலோரப் பாப்லரும் யூகலிப்டஸும். கேரளத்தின் பெரும்பாவூரில் பால் வற்றிய ரப்பர் மரம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் வெட்டிய கையோடு போரான் மருந்தேற்றாவிட்டால் வண்டு துளைத்துவிடும். பெரும்பாவூர் ஆலைகளில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் அசாமியர், வங்காளியர், ஒடியர். அசாமில் ஆலை மூடியபோது மரம் தெற்கே வரவில்லை, ஆட்கள் வந்தார்கள். பிளைவுட்டில் மேலேடாக ஒட்டப்பட்ட குர்ஜன் மரம், மியான்மர் 2014 ஏப்ரலில் கட்டை ஏற்றுமதியைத் தடை செய்ததும் அரிதாகி, அதன் இடத்தை வேறு இறக்குமதி ஏடுகள் பிடித்தன.

தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பரப்பிய மலைவேம்பு இன்று பிளைவுட் ஆலைகளுக்குப் போகும் மரங்களில் ஒன்று. சில ஆண்டுகளிலேயே உரிக்கும் பருமனுக்கு வந்துவிடும். ஆனால் இளமையில் கிளை கழித்து நேராக வளர்க்க வேண்டும். முடிச்சு விழுந்த இடத்தில் வெனீர் கிழியும், அந்தக் கட்டைக்கு ஆலை விலையைக் குறைத்தே கேட்கும்.