பொள்ளாச்சி ரயிலும் சேரன் பஸ்ஸும்: யாருடைய ஏக்கம்?

பொள்ளாச்சி மீட்டர் கேஜ் ரயிலின் பழைய படம் ஒன்று எங்கள் பகுதியில் மாதம் ஒருமுறையாவது யார் கைப்பேசியிலிருந்தாவது வந்து சேர்கிறது. இருபுறமும் தென்னை, பின்னால் ஆனைமலைத் தொடர், வாசலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள். 'அது ஒரு பொற்காலம்' என்ற வரியும் தவறாமல் கூடவே வரும். அந்தப் பொற்காலத்தில் நாங்கள் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று பார்ப்பதற்குத்தான் இதை எழுதுகிறோம்.

கருமத்தம்பட்டிக்காரர்களான எங்களுக்கு அது வீட்டு வாசல் பாதை அல்ல. எங்கள் ஸ்டேஷன் சோமனூர். ஈரோட்டிலிருந்து போத்தனூர் வழியாக மேற்கே போகும் இந்த அகலப் பாதை 1860களின் தொடக்கத்தில் சென்னை ரயில்வே கம்பெனி போட்டது, இன்றும் ஓடுகிறது. ஆனால் எங்கள் வளவுகளில் பெண் கொடுத்ததும் எடுத்ததும் பாதிக்குப் பாதி கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். சீருக்கும் இழவுக்கும் கோவை போய் அந்தச் சின்ன ரயிலுக்கு மாறிய கால்கள் இங்கே நிறைய உண்டு.

போத்தனூர்–பொள்ளாச்சி பாதை 1915ல் திறக்கப்பட்டது, 40 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு 1928ல் பாதை வந்தது, பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு 1932ல். ராமேஸ்வரம் வரை ஒரே வண்டியில் போகலாம். அகலப் பாதையாக மாற்ற வேண்டுமென்று 2008, 2009 ஆண்டுகளில் இவற்றை மூடினார்கள். திண்டுக்கல்–பழனி 2012ல் திரும்பியது, பழனி–பொள்ளாச்சியும் பொள்ளாச்சி–பாலக்காடும் 2015ல். போத்தனூர்–பொள்ளாச்சிக்கு 2017 ஆனது. எட்டு ஆண்டு! பாதை திரும்பியது, பழைய வண்டிகள் எல்லாம் திரும்பவில்லை. செட்டிப்பாளையம், கோவில்பாளையம் போன்ற சின்ன நிறுத்தங்கள் போயின. கொங்கு வட்டாரத்துப் பேச்சில் இதற்கெல்லாம் ஒரே குற்றவாளி பாலக்காடு கோட்டம்தான். 2007ல் சேலம் கோட்டம் பிரிந்த பிறகும் பொள்ளாச்சிப் பாதை பாலக்காட்டிடமே இருந்துவிட்டது என்பது அந்தப் புகார். அதில் உண்மை இருக்கலாம். எங்கள் கேள்வி வேறு.

எங்களுக்கு அந்த ரயில் என்னவாக இருந்தது?

எங்கள் பெரியவர் ஒருவர் சொன்னது இது. அறுபதுகளில், பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் பண்ணயத்துக்கு இருந்தவர். ரயிலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் அவருடைய பண்ணாடி அதே பெட்டியில் ஏறிவிட்டார். இவர் உடம்பு தானாக எழுந்துகொண்டது. துண்டு தோளிலிருந்து கக்கத்துக்கு இறங்கியது. கூட்டத்தில் யாரோ ஒரு வெளியூர்க்காரர், "ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க, உக்காருங்க" என்று சொல்லியிருக்கிறார். இவரும் உட்காரவில்லை, பண்ணாடியும் உட்காரவில்லை. போத்தனூர் வரை இருவரும் நின்றுகொண்டே போனார்களாம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஊரில் பண்ணாடி நிற்க வேண்டிய அவசியமே இல்லை, திண்ணை அவருடையது. ரயில் பெஞ்சு அவருடையதாக இல்லை.

ரயிலைப் பற்றி எங்களுக்கு இருக்கும் பற்று இவ்வளவுதான், ஆனால் இது சின்ன விஷயமில்லை. கம்பெனிக்காரன் சமத்துவம் பேசிப் பெட்டி கட்டவில்லை. சாதிக்கு ஒரு பெட்டி கோத்தால் அவனுக்குக் கணக்குக் கட்டாது. முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று காசுக்குத்தான் பெட்டி பிரித்தான். மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கியவன் எவனும் மூன்றாம் வகுப்பில் ஏறலாம். ஊர்க்கிணற்றில் இல்லாத உரிமை அந்த அட்டைத் துண்டில் இருந்தது.

வண்டியை விட்டு இறங்கினால் கதை மாறிவிடும். 1901ல் ஒன்பது வயது அம்பேத்கர் அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் மசூர் ஸ்டேஷனில் இறங்கினார். பிள்ளைகள் நல்ல உடுப்பில் இருப்பதைப் பார்த்துப் பரிவாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகார் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகினார். வெளியே நின்ற மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போகும்படி ஆனது. ரயில் ஏற்றிக்கொண்டது, மாட்டுவண்டி ஏற்றவில்லை. நம் பக்க ஸ்டேஷன்களிலும் சாப்பாட்டு அறை பிராமணருக்குத் தனி, மற்றவருக்குத் தனி என்று இருந்தது. பெரியாரின் போராட்டத்துக்குப் பிறகு 1941ல்தான் அது ஒழிந்தது. அந்த 'மற்றவர்' அறைக்குள்ளும் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் தைரியமாக உட்கார்ந்திருப்பார்கள் என்பது யோசிக்க வேண்டியது.

அந்த மாட்டுவண்டியின் இடத்துக்குப் பின்னால் வந்ததுதான் பஸ். ரயில் போன இடத்தை பஸ் பிடித்தது என்று ஏக்கக் கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. நாங்கள் தாண்ட முடியாது. ஏனென்றால் பஸ் முதலாளி உள்ளூர்க்காரர், நிலம் உள்ள சாதிக்காரர். ஆதிதிராவிடருக்கு இடமில்லை என்று பஸ் ஓடிய காலம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1924ல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்துதான் பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எங்களுக்கு உரிமை உண்டென்று அரசாணை வந்தது. அந்த ஆணையை ஏட்டிலிருந்து தெருவுக்கு இறக்கச் சபையில் ஓயாமல் மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் நம் கோவையின் ஆர். வீரையன். கோவையில் எத்தனையோ பேருக்குச் சிலை இருக்கிறது. இவர் பெயரைக் கேட்டால் தெரிகிறவர்கள் எத்தனை பேர்? ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடரை ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்ட பிறகுதான் அங்கே கதவு திறந்தது. பஸ்ஸில் ஏறுவதற்கே உத்தரவு வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸின் வளர்ச்சியைப் பாராட்ட வேண்டும்.

1972ல் சேரன் போக்குவரத்துக் கழகம் கோவையில் தொடங்கியது. தனியார் வழித்தடங்கள் அரசுக்கு வந்தன. வளவுப் பிள்ளைகள் கண்டக்டர், டிரைவர் வேலைக்கு இடஒதுக்கீட்டில் போனார்கள். விசில் ஊதி ஊர்ப் பெரியமனுஷனை "உள்ளே போங்க" என்று சொல்லும் ஒரு மாதாரி வீட்டுப் பையனை இந்த மண் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்திருக்கும்.

சேரன் பஸ்ஸுக்கும் இப்போது ஏக்கம் உண்டு. 'சேரன்' என்ற பெயரை ஏன் எடுத்தார்கள், எவ்வளவு நல்ல பெயர் என்று அங்கலாய்க்கிறார்கள். ஏன் எடுத்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 1997ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மன் படையின் தளபதி, தேவேந்திரர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டச் சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். கலவரம், பஸ் உடைப்பு, உயிர்ப்பலி. அரசு என்ன செய்தது? ஏறமாட்டேன் என்றவனை நடந்து போகச் சொல்லவில்லை. எல்லாக் கழகங்களின் பெயரையும் மாவட்டங்களின் பெயரையும் சேர்த்து அழித்தது. அப்படித்தான் சேரன் போனான். ஒரு தலித்தின் பெயரைப் பஸ்ஸில் சகிக்க முடியாததற்குக் கொங்கு நாடு கொடுத்த விலை அது. ஏங்குகிறவர்கள் இதையும் சேர்த்து ஏங்கட்டும்.

ரயிலுக்கே திரும்புவோம். ரயில்வே பெற்றெடுக்கும் தொழில்கள் சாதி வழி வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று 1853ல் மார்க்ஸ் எழுதினார். 85 ஆண்டு கழித்து, 1938 பிப்ரவரியில், மன்மாடில் கூடிய ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் நிலவரத்தைச் சொன்னார். தீண்டப்படாதவன் ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே முடிகிறான். போர்ட்டர் வேலைகூட அவனுக்கு இல்லை. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் பார்க்க வேண்டும், தீண்டப்படாதவன் வீட்டுக்குள் எப்படிப் போவான்? அதே உரையில் பஞ்சாலையையும் சொன்னார். நெசவுப் பிரிவில் அறுந்த நூலை வாயில் எச்சில் தொட்டு முடிய வேண்டியிருப்பதால் அங்கே எங்களைச் சேர்ப்பதில்லை. சோமனூர் தறிச் சத்தத்துக்கு நடுவே இதைப் படித்தபோது எங்களுக்கு அது பம்பாயைப் பற்றிய செய்தியாகப் படவில்லை. இந்த வட்டாரத்தில் தறிக்கூடத்தின் சொந்தக்காரர் யார், தறி ஓட்டுகிறவர் யார், குப்பை கூட்டுகிறவர் யார் என்று ஒரு நடை போய்ப் பார்த்தாலே போதும்.

அந்தப் பழைய படத்தில் தண்டவாளமும் தெரிகிறது. அதை யார் சுத்தம் செய்தார்கள்? பெட்டிக் கழிப்பறையின் ஓட்டை நேராகத் தண்டவாளத்தில் திறக்கும். ஸ்டேஷனில் நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியிருக்கும், பயன்படுத்துவார்கள். துடைப்பமும் வாளியும் பிடித்து அதில் இறங்கியவர்கள் பெரும்பாலும் எங்கள் அருந்ததியர் சனம். ரயில் என்றதும் நிலக்கரி வாசனையும் காப்பி வாசனையும் நினைவுக்கு வருகிறவர்கள் பாக்கியவான்கள். எங்கள் வீடுகளில் ரயிலுக்கு வேறு வாசனை. கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கக் காலக்கெடு வைத்துத் திட்டமிட வேண்டும் என்று ரயில்வேக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 மார்ச்சில், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில். உயிரிக் கழிப்பறைகள் பெரும்பாலான பெட்டிகளுக்கு வந்து சேர அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாய் ஆகிவிட்டது. மீட்டர் கேஜ் காலம் முழுக்க அந்த ஓட்டை திறந்தே இருந்தது.

ஆனாலும் அது அரசு வேலை. பென்ஷன் உண்டு, குவார்ட்டர்ஸ் உண்டு, பாஸ் உண்டு. 1943ல் அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் இருந்தபோது மத்திய வேலைகளில் 8⅓ சதவீதம் எங்களுக்கு ஒதுக்கப்பட்டது, பின்னால் அது 15 ஆனது. தெற்கு ரயில்வே பிறந்த நாளே 1951 ஏப்ரல் 14. யாரும் நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள், எங்களுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம், அவ்வளவுதான். துடைப்பம் பிடித்த அப்பனின் பாஸில் ஊர் சுற்றி, அந்தக் குவார்ட்டர்ஸில் படித்து, டிக்கெட் கவுண்டருக்குள் போய் உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. இப்போது துப்புரவு வேலை ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டது. சீருடை மாறியது, துடைப்பத்துக்குப் பதில் மெஷின் வந்தது. ஆள் மட்டும் அதே வளவிலிருந்துதான் வருகிறார், பென்ஷன் இல்லாமல், பாஸ் இல்லாமல். ரயில்வேயில் மூடப்பட்ட பாதைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்தப் பாதையையும் அதில் சேர்க்க வேண்டும்.

சோமனூர் பக்கம் வருவோம். 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றன. திரும்ப வந்தபோது பாசஞ்சர் என்பது எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் வந்தது. 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் 30 ஆனது. பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில்தான் திரும்பியது. கோவைக்கும் திருப்பூருக்கும் தினக்கூலிக்குப் போகும் பெண்களுக்கு அந்த 20 ரூபாய் வித்தியாசம் போக வர 40 ரூபாய். நான்கு ஆண்டுகள். மீட்டர் கேஜுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் இதற்கு ஒரு வரி எழுதி நாங்கள் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குப் போகலாம் என்றால், அதே சோமனூர் பஸ் நிலையத்தின் கூரை 2017 செப்டம்பர் 7ம் தேதி இடிந்து விழுந்து, கீழே நின்றிருந்தவர்களில் 5 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே சேலம்–கொச்சி நெடுஞ்சாலை பளபளவென்று ஓடுகிறது. அதில் போவது கம்பெனி வேன்கள். அவற்றில் ஏற டிக்கெட் வேண்டாம், சூப்பர்வைசரின் தயவு வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தண்டவாளம் என்றால் எங்கள் வீட்டு இளைஞர்களுக்கு நினைவில் வருவது வேறு. 2013 ஜூலை 4ம் தேதி இளவரசன் தர்மபுரியில் ரயில் பாதை ஓரம் இறந்து கிடந்தார். 2015 ஜூன் 24ம் தேதி பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடைத்தது. வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோட்டுக் கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கொண்டுபோய்க் கொன்றார்கள், ரயிலில் பாய்ந்து செத்ததாகக் காட்டப் பார்த்தார்கள். 2022ல் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023ல் உயர் நீதிமன்றமும் குற்றத் தீர்ப்பை உறுதி செய்தது. அது ஓடும் பாதைதான், மூடிய பாதையல்ல. எங்கள் சோமனூருக்கு வரும் வண்டிகள் ஈரோட்டைத் தொடும் முன் அந்தப் பக்கமாகத்தான் வருகின்றன.

பண்ணாடியோடு நின்றுகொண்டே போன பெரியவரிடம் சென்ற பொங்கலுக்கு, புது ரயிலில் பொள்ளாச்சிக்குப் போய் வரலாமா என்று கேட்டோம். பேத்தி வீடு கோவில்பாளையத்தில் இருக்கிறது. "அங்க நிக்குதா?" என்றார். இல்லை, கிணத்துக்கடவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும் என்றோம். "அப்பப் பஸ்ஸுலயே போலாம்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.