நயினாதீவுக் கல்வெட்டும் ஆய்வுச் சஞ்சிகைத் தெரிவும்

ஆய்வுக் கட்டுரையை எந்தச் சஞ்சிகைக்கு அனுப்புவது என்னும் வினாவை நம்மவர் பெரும்பாலும் கட்டுரை எழுதி முடிந்த பின்னரே எழுப்புகின்றனர். கட்டுரையை யார் வாசிப்பர், அது எத்துணைக் காலம் நிலைக்கும் என்பன அத்தெரிவையே சார்ந்தவை. நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு இதற்குத் தக்க சான்றாகும்.

பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டிற் பொறிப்பித்த இச்சாசனம், ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கும் ஏனைய மூன்று கூறுகள் உடையவனுக்கும் உரியன; பிற சரக்கு ஏற்றிய மரக்கலமாயின் சரிபாதி பண்டாரத்தைச் சேரும். யானை குதிரைகளை மன்னன் எத்துணை வேண்டிநின்றான் என்பதற்கு இவ்வேறுபாடே சாட்சி. சிங்கள மன்னனொருவனின் ஆணை தமிழில் அமைந்தமையும் சிந்தித்தற்குரியது.

கா. இந்திரபாலா இதனை 1963இல் 'யூனிவேர்சிற்றி ஒவ் சிலோன் றிவியூ' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையிற் பதிப்பித்தார். அன்று ஈழத்து ஆய்வாளருக்கு வேறு களங்களும் இருந்தன. அரச ஆசியக் கழக இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் பரணவிதான 1961இல் வட இலங்கை ஆரிய அரசு பற்றி எழுதியிருந்தார். தனிநாயக அடிகள் 1952இல் தொடக்கிய 'தமிழ் கல்ச்சர்' தமிழியலுக்கென்றே அமைந்தது. எனினும் சாசன வாசிப்பொன்று, அதிற் பிழை காணவல்லோர் கண்ணிற் படுமிடத்திலேயே முதலில் வெளிவருதல் வேண்டும். அவ்வகையில் 1943 முதல் வெளிவந்த பல்கலைக்கழகச் சஞ்சிகை பொருத்தமான களமே. இந்து சமுத்திர வாணிபத்தை ஆராய்ந்தோர் பலர் இச்சாசனத்தைப் பின்னர் எடுத்தாண்டுள்ளனர்.

ஆயினும் இழப்பும் உண்டு. 1960ஆம் ஆண்டளவிற் கலைப்பீடத்திற் சுயமொழிப் போதனை தொடங்கிவிட்டது. தமிழிற் பொறித்த கல்லைப் பற்றித் தமிழ்மொழிமூல மாணவன் ஆங்கிலத்தின் வழியே அறிய நேர்ந்தது. ஆங்கிலத்தில் வந்ததன் சாரத்தை இரண்டு பக்கங்களிற் சுருக்கித் தமிழ் மலருக்குக் கொடுத்துவிடும் நம்மிடையேயுள்ள வழக்கம் இக்குறையைத் தீர்ப்பதன்று. மூலபாடமும் வாசிப்பு வேறுபாடுகளும் இன்றேல் தமிழ் வாசகன் எதனைக் கொண்டு ஐயுறுவான்?

முழுமையாகத் தமிழில் எழுதியோரையும் வேறோர் இடர் சூழ்ந்தது. 1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆங்கிலச் சஞ்சிகைகளின் தொகுதிகள் பிறநாட்டு நூலகங்களிலும் இருந்தமையாற் பிழைத்தன. குறைந்த பிரதிகளாய் அச்சாகி ஊருக்குள்ளேயே தங்கிய மலர்களுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிம நூலகத்தார், எஞ்சியவற்றைத் தனியார் வீட்டு அலுமாரிகளிலிருந்தும் தேடித் திரட்டி வருகின்றனர்.