குளிரும் பொதுச் சொத்தே

பூமியின் மிகக் குளிர்ந்த இடத்தை மனிதன் தேடியறிந்த வரலாறு, கருவிகளின் வரலாறு மட்டுமன்று. அறிவு யாருக்குச் சொந்தம் என்னும் வினாவின் வரலாறுமாகும்.

1957 டிசம்பரில், சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டின்போது, சோவியத் விஞ்ஞானிகள் கிழக்கு அந்தாட்டிக்காவின் பனிமேட்டில் வொஸ்தொக் நிலையத்தை நிறுவினர். 1983 ஜூலை 21ஆம் திகதி அங்கு −89.2 பாகை செல்சியசு பதிவாயிற்று. நீண்ட துருவ இரவில் உழைத்த மனிதர் நமக்களித்த அளவீடு அது. ஆயினும், ஒரு நிலையம் ஓரிடத்தையே அறியும். பரந்த மேட்டின் பெரும்பகுதி அளப்பாரின்றிக் கிடந்தது.

அக்குறையைச் செய்மதிகள் தீர்த்தன. பனிப்பரப்பு வெளிவிடும் செங்கீழ்க் கதிர்களைக்கொண்டு அதன் வெப்பநிலையை அவை கணிக்கின்றன. ‘தெரா’, ‘அக்குவா’ என்னும் செய்மதிகள் 2004 முதல் 2016 வரை திரட்டிய தரவுகளை ஆராய்ந்தோர், ஏறத்தாழ நூறு இடங்களில் பனியின் மேற்பரப்பு −98 பாகையளவுக்குக் குளிர்வதை 2018இல் வெளியிட்டனர். இவ்விடங்கள் மேட்டின் உச்சியில் இல்லை. உச்சிக்கு அண்மையிலுள்ள ஆழமற்ற பள்ளங்களில் உள்ளன. வானம் தெளிந்து காற்று வறண்டிருக்கும் குளிர்காலத்தில் பனி தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழக்கின்றது. அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, பாரங்கூடி, சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகின்றது.

ஒன்றை நாம் மறத்தலாகாது. வொஸ்தொக் அளந்தது காற்றை. செய்மதி கண்டது பனியின் மேற்பரப்பை. செய்மதியின் கணிப்பும் தரையிலுள்ள வானிலை நிலையங்களின் அளவீடுகளைக் கொண்டே திருத்தப்பட்டது.

1959இல் கைச்சாத்தான அந்தாட்டிக்கா உடன்படிக்கை, அங்கு பெறப்படும் விஞ்ஞான அவதானங்கள் யாவர்க்கும் தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்றது. பகைமை பாராட்டிய ஐக்கிய அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அதில் ஒருங்கே ஒப்பமிட்டன. ஆனால், தரையில் ஏற்ற நியாயம் விண்ணில் மறுக்கப்பட்டது. 1984இல் ஐக்கிய அமெரிக்கா, லான்ட்சாட் செய்மதிப் படங்களின் விற்பனையைத் தனியாரிடம் ஒப்படைக்கச் சட்டமியற்றிற்று. மக்களின் வரிப்பணத்தில் பறந்த செய்மதியின் ஒரு படம் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோயிற்று. வறிய நாட்டு மாணவனுக்கு அது எட்டாக்கனி. 1992இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 2008இல் படங்கள் யாவும் இலவசமாயின. பயன்பாடு பன்மடங்கு பெருகிற்று. பின்னர் 2013இல் ஏவப்பட்ட லான்ட்சாட் 8, அந்தக் குளிர்ப்பள்ளங்களை நுணுகி நோக்கவும் துணைபுரிந்தது.

திறந்த கதவு மீண்டும் அடைபடாது என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை. பூமியைப் பற்றிய அறிவு பூமியில் வாழ்வோர் அனைவரதும் உடைமை என்பதை மாணவர்க்கு உணர்த்துவது எமது கடமையாகும்.